ஸ்பேமை நிறுத்தித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

"உங்கள் மெயில் முகவரி 14 விளம்பரப் பட்டியல்களில் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டினால் எல்லாவற்றிலிருந்தும் நீக்கி, 'மெயில் அனுப்பக் கூடாதவர்கள்' பதிவேட்டில் சேர்த்துவிடுகிறோம்." இப்படி ஒரு மெயில் வந்தால் எந்த லிங்க்கையும் தொடாமல் ஸ்பேம் (கேட்காமலே வரும் குப்பை மெயில்) என்று குறித்துவிட்டு வேலையைப் பாருங்கள். எல்லா ஸ்பேமையும் நிறுத்தும் அப்படியொரு பதிவேடு கிடையாது.

போன் அழைப்புகளுக்கு அரசே நடத்தும் 'அழைக்காதே' பட்டியல் பல நாடுகளில் இருப்பதால், மெயிலுக்கும் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இதைச் செய்து பார்க்கலாமா என்று யோசித்தார்கள். 2003-இல் கேன்-ஸ்பேம் சட்டம் வந்தபோது, இப்படி ஒரு பதிவேடு சரிப்படுமா என்று ஆராய்ந்து சொல்லும் வேலையை எஃப்டிசி என்ற வணிக ஆணையத்திடம் கொடுத்தார்கள். 2004 ஜூனில் ஆணையம் சொன்ன பதில், வேண்டாம் என்பதுதான். மெயில் உண்மையில் யாரிடமிருந்து வருகிறது என்று உறுதிசெய்ய வழியில்லாத நிலையில், அந்தப் பட்டியலே ஸ்பேம் ஆசாமிகளுக்குப் புழக்கத்தில் உள்ள முகவரிகளைத் தூக்கிக் கொடுத்துவிடும் என்பது காரணம். 2006-இல் ப்ளூ செக்யூரிட்டி என்ற நிறுவனத்துக்கு ஏறக்குறைய அதுதான் நடந்தது. தன் உறுப்பினர்களின் முகவரிகளை மறைகுறியீடாக மாற்றி, ஸ்பேம் அனுப்புகிறவர்கள் தங்கள் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிக்கொள்ள ஒரு கருவியும் கொடுத்தது. அவர்கள் நீக்குவதற்கு முன் இருந்த பட்டியலையும் பின் இருந்ததையும் ஒப்பிட்டு, யார் யார் உறுப்பினர் என்று கண்டுபிடித்து, அவர்களுக்கே மிரட்டல் மெயில்களை அனுப்பினார்கள். சேவை அந்த மே மாதமே மூடப்பட்டது.

அதனால் இந்த 'நீக்கும் சேவை'க்குக் கட்டும் பணம் போவது சின்ன நஷ்டம். கார்டு எண் போகிறது. உங்கள் முகவரியைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார், அவர் பணமும் கட்டுவார் என்ற தகவல் போகிறது. அப்படிப்பட்ட முகவரிக்குச் சந்தையில் மதிப்பு அதிகம்.

இலவசமாகச் செய்து தருகிறோம் என்று சொல்லி, மெயில் கணக்குக்குள் நுழைய அனுமதி கேட்கும் ஆப்களிடமும் எச்சரிக்கை தேவை. அந்த அனுமதியில் உங்கள் மெயில் முழுவதையும் படிக்கும் உரிமை இருக்கும்: பில், டிக்கெட், வங்கி அறிவிப்பு, பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் எல்லாம் அதில் அடக்கம். அன்ரோல்.மீ என்ற பிரபலமான சேவை, பயனர்களின் பர்ச்சேஸ் ரசீதுகளிலிருந்து எடுத்த தகவலைத் தாய் நிறுவனத்துடன் பகிர்ந்ததை மறைத்து, மக்களைத் தவறாக நம்பவைத்தது என்று எஃப்டிசி 2019-இல் நடவடிக்கை எடுத்தது. ஏற்கெனவே அப்படி ஏதாவது இணைத்திருந்தால், மெயில் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் வெளி ஆப்களின் பட்டியலைத் திறந்து அனுமதியை ரத்து செய்யுங்கள். ஆப்பை போனிலிருந்து நீக்குவது மட்டும் போதாது, அனுமதி அப்படியே இருக்கும்.

இனி, நிஜமாகவே நிறுத்துவது எப்படி என்று பார்ப்போம். முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பெயரும் முகவரியும் உள்ள நிறுவனம் விடாமல் அனுப்பும் விளம்பரம் ஒரு வகை. யாரென்றே தெரியாத ஆள், பொய்ப் பெயரில் அனுப்புவது இன்னொரு வகை. முதல் வகையில் அன்சப்ஸ்கிரைபும் (பட்டியலிலிருந்து விலகும் பட்டன்) சட்டமும் வேலை செய்யும். இரண்டாவது வகையில் அன்சப்ஸ்கிரைபை அழுத்தினால், முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே உறுதி சொன்ன மாதிரி. பலர் ஏமாறுவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

பிரிப்பதற்கு ஹெட்டரை, அதாவது மெயில் வந்த வழியைச் சொல்லும் மறைந்த குறிப்புகளைப் பாருங்கள். கணினியில் ஜிமெயிலில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளியை அழுத்தினால் 'அசல் செய்தியைக் காட்டு' என்று இருக்கும். மற்றவற்றிலும் இதேபோல் ஒன்று உண்டு. அதில், அனுப்பிய டொமைன் (முகவரியில் @-க்குப் பின் வரும் பகுதி) போலியா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். மூன்றும் 'பாஸ்' ஆகி, டொமைன் பெயரும் நீங்கள் அறிந்த நிறுவனத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், மெயில் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தது. பாஸ் ஆனதாலேயே நல்ல மெயில் என்று அர்த்தமில்லை. மோசடிக்காரனும் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி மூன்றையும் பாஸ் செய்ய வைக்கலாம். டொமைனைப் படிக்காமல் 'பாஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்து நம்புவதுதான் வழக்கமான தவறு.

அதே ஹெட்டரில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்ப்பதால், பயணத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஆனால் கீழ் வரிகளை அனுப்பியவனே பொய்யாக எழுதிவைத்திருக்கலாம். உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர், வெளியிலிருந்து வாங்கிக்கொண்டபோது எழுதிய வரியில் உள்ள ஐபி முகவரிதான் (அனுப்பிய கணினியின் இணைய எண்) நம்பத்தக்கது. அந்த ஐபியை, யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் போட்டால் அது எந்த ஹோஸ்டிங் நிறுவனத்துடையது என்றும், 'அப்யூஸ்' புகாருக்கான முகவரி எது என்றும் தெரியும். புகார் அங்கே போக வேண்டும். மெயிலில் தெரியும் அனுப்புநர் பெயருக்குப் பதில் எழுதுவது வீண்; அந்தப் பெயரும் முகவரியும் சம்பந்தமே இல்லாத யாருடையதாகவோ இருக்கலாம். அனுப்புநரை பிளாக் செய்வதும் இதே காரணத்தால் பெரிய பயன் தராது, அடுத்த மெயில் வேறு முகவரியில் வரும். 'ஸ்பேம்' பட்டனை அழுத்துங்கள், அது ஃபில்டருக்குக் கற்றுக்கொடுக்கிறது.

நிஜ நிறுவனம் என்று தெரிந்தால், மெயிலின் அடியில் உள்ள லிங்க்கை விட, மெயில் ஆப்பே அனுப்புநர் பெயர் பக்கத்தில் காட்டும் அன்சப்ஸ்கிரைபை அழுத்துவது நல்லது. ஒரே நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதியை வைத்து, 2 நாளில் நிறைவேற்ற வேண்டும் என்று கூகுள் 2024-இல் விதி கொண்டுவந்தது. யாகூவும் அதே போல் கேட்கிறது. விலகும் பக்கம் பாஸ்வேர்டோ போன் எண்ணோ கார்டோ கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள். அமெரிக்கச் சட்டப்படி, விலகக் கட்டணம் வாங்கக் கூடாது, மெயில் முகவரியும் விலகல் விருப்பமும் தவிர வேறு விவரம் கேட்கக் கூடாது.

அழுத்திய நாளை ஸ்கிரீன்ஷாட்டோடு குறித்துவையுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10 வேலை நாள், ஆஸ்திரேலியாவில் 5 வேலை நாள் அவகாசம். அந்தக் கெடு முடிந்தபின் வரும் ஒவ்வொரு மெயிலும் உங்கள் சாட்சி. அதை ஃபார்வர்டு செய்தால் அசல் ஹெட்டர் போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டிலும் ஹெட்டர் வராது. மெயிலையே இஎம்எல் ஃபைலாக டவுன்லோடு செய்து வையுங்கள், புகாரோடு இணைப்பாக அனுப்புங்கள்.

சட்டத்தில் யாருக்கு என்ன உரிமை என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கேதான் இரண்டாவது ஏமாற்று வேலை நடக்கிறது: ஒவ்வொரு ஸ்பேமுக்கும் நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்கள். அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டத்தில் மெயில் வாங்கிய தனிநபர் வழக்குப் போட முடியாது. எஃப்டிசி, மாநில அட்டர்னி ஜெனரல்கள், இணையச் சேவை நிறுவனங்கள் போன்றோருக்கே அந்த உரிமை. ஆனால் கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி, பொய்யான ஹெட்டரோ ஏமாற்றும் தலைப்போ இருந்தால் மெயிலுக்கு 1,000 டாலர் வரை கேட்க வழியுண்டு. வாஷிங்டன் மாநிலத்திலும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஸ்பேமை வேண்டுமென்றே சேர்த்து வழக்குப் போடுவதைத் தொழிலாக்கிக்கொண்ட ஒருவரை, கோர்டன் எதிர் விர்ச்சுமண்டோ வழக்கில் 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. கனடாவில் 2014 ஜூலை 1 முதல் முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் வணிக மெயில் அனுப்ப முடியாது, நிறுவனத்துக்கு 1 கோடி கனடா டாலர் வரை அபராதம் உண்டு. ஆனால் தனிநபர் வழக்குரிமை 2017-இல் அமலுக்கு வரும் முன்பே நிறுத்திவைக்கப்பட்டது.

இந்தியாவில் மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகள் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. மோசடி மெயிலால் பணம் போயிருந்தால் அது வேறு. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

தனிநபர் கையில் வலுவான ஆயுதம் கொடுத்திருப்பது ஐரோப்பிய ஒன்றியம். ஜிடிபிஆர் என்ற அதன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி நேரடி விளம்பரத்தை எதிர்த்தால் நிறுவனம் சாக்குச் சொல்ல முடியாது, நிறுத்தியே ஆக வேண்டும். 15-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. விளம்பரம் வந்து சேர்ந்த உங்கள் மெயில் முகவரியிலிருந்தே அந்த நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: "நேரடி விளம்பரத்துக்கு என் முகவரியைப் பயன்படுத்துவதை 21(2)-இன்படி எதிர்க்கிறேன். 15-இன்படி, என்னைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறீர்கள், என் முகவரி எங்கிருந்து கிடைத்தது, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தெரிவியுங்கள்." பதில் சொல்ல ஒரு மாதம். 'எங்கிருந்து கிடைத்தது' என்ற கேள்விக்குப் பதில் வந்தால், உங்கள் முகவரியை விற்றவன் பெயர் தெரிந்துவிடும், அடுத்த கடிதம் அவனுக்கு. பதில் வராவிட்டால் அந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம், அதற்கு வக்கீல் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, இதில் தாமதம் கூடாது. திடீரென ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான 'பதிவுசெய்ததற்கு நன்றி' மெயில்கள் வந்து குவிந்தால், அது சாதாரண ஸ்பேம் இல்லை. யாரோ உங்கள் கணக்கிலோ கார்டிலோ கை வைத்திருக்கலாம், வங்கியிலிருந்தோ கடையிலிருந்தோ வரும் எச்சரிக்கை மெயில் உங்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக இந்தக் குப்பையைக் கொட்டுகிறான். ஒவ்வொன்றாக அன்சப்ஸ்கிரைப் செய்து உட்கார்ந்திருக்காதீர்கள். வங்கிப் பெயர், 'ஆர்டர்', 'பாஸ்வேர்டு' என்று இன்பாக்ஸில் தேடுங்கள், குப்பைத்தொட்டி ஃபோல்டரிலும் தேடுங்கள். வங்கி ஆப்பை நேராகத் திறந்து பரிவர்த்தனைகளைப் பார்த்து, தெரியாதது இருந்தால் கார்டை முடக்குங்கள். மெயில் பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிறகு மெயில் செட்டிங்ஸில் ஃபில்டர்களையும் ஃபார்வர்டிங்கையும் திறந்து பாருங்கள். உள்ளே நுழைந்தவன், வங்கி மெயில்களை வந்தவுடன் அழிக்கும்படியோ தன் முகவரிக்குத் திருப்பும்படியோ ஒரு விதியைப் போட்டுவைத்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அது வேலை செய்துகொண்டிருக்கும். அதைக் கையால்தான் நீக்க வேண்டும்.