கன்டெய்னர் வீட்டை இடம் மாற்றினோம்: சொன்ன தொகைக்குள் முடிந்ததா?

திண்டிவனம் பக்கம் குத்தகை நிலத்தில் இருந்த எங்கள் 20 அடி கன்டெய்னர் வீட்டைச் செங்கத்துக்குக் கொண்டுபோக மூன்று பேரிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் போனிலேயே ஒரு தொகையைச் சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் நேரில் வந்தார். வீட்டைவிட வாசல் கேட்டையும், தெருவில் தாழத் தொங்கிய மின்கம்பியையும்தான் அதிக நேரம் பார்த்தார். "லாரி வாடகை மட்டுமில்லக்கா, ரெண்டு பக்கமும் கிரேன் வேணும், அதுக்கும் காசு" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தது: டிரெய்லர் 17,000, ஹைட்ரா கிரேன் இரண்டு இடத்துக்கும் சேர்த்து 15,000, ஆள்கூலி 6,000. ஆக 38,000 ரூபாய். புது இடத்தில் கான்கிரீட் பீடம் எங்கள் பொறுப்பு. எங்களுடையது 8 அடி அகலம்தான். 10 அடி அகலக் கேபின் என்றால் சாலையில் அனுமதித்த 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டிவிடும். தனி அனுமதி, தனிச் செலவு.

அவரிடமே கொடுத்தோம். வேலை சுத்தம். நான்கு மூலைகளிலும் கொக்கி மாட்டி, ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, சங்கிலியைச் சரிசெய்த பிறகுதான் ஏற்றினார்கள். ஜன்னல் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஒரே குறை, செங்கத்தில் கிரேன் மூன்று மணி நேரம் தாமதம். டிரெய்லர் டிரைவர் காத்திருப்புக் கூலி 1,500 கேட்டார், கொடுத்தோம். கிரேன் பேசியது அவர்கள்தானே, அதை எங்கள் தலையில் கட்டியது நியாயமில்லை. நீங்கள் பேசும்போது காத்திருப்புக் கூலி யாருடையது என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.