ஷார்ப்ஸா, ஹை வாலா, ஸ்டீவன்ஸா? ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு ஆக்ஷன் தேர்வு

குறி சுடுவதற்கென்று ஒரு ரைபிளைச் சொல்லிச் செய்யக் கொடுப்பவர் முதலில் பேசுவது பெரும்பாலும் பேரலைப் பற்றித்தான். யார் கடைந்த பேரல், எத்தனை அங்குலம், என்ன காலிபர் என்று பேச்சு போகும். அதில் தப்பில்லை. குண்டு சொன்ன இடத்தில் போய் விழுவதில் பெரும்பங்கு பேரலுக்கும் குண்டுக்கும் உரியது. ஆனால் பேரல் தேய்ந்தால் வேறு போடலாம். மரக்கட்டையை மாற்றலாம், குறிநோக்கியை மாற்றலாம். ஆக்ஷனை மாற்றினால் அது வேறு ரைபிள் ஆகிவிடுகிறது. பேரலின் பின்வாயை மூடித் திறந்து, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் அந்த இரும்புப் பெட்டியில்தான் மற்ற எல்லாம் திருகப்படுகின்றன. அமெரிக்கச் சட்டம் துப்பாக்கி என்று எண் போட்டுக் கணக்கில் வைப்பதும் அந்தப் பெட்டியைத்தான்.

எந்த ஆக்ஷன் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் போட்டிக்கு என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ரைபிள்களுக்கு இரண்டு பெரிய ஆட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, கருமருந்துத் தோட்டா சில்ஹவுட். நியூ மெக்ஸிகோவில் ராட்டன் ஊருக்கு அருகே உள்ள விட்டிங்டன் மையத்தில் 1985-ல் தொடங்கிய போட்டி இது. இரும்புத் தகட்டில் வெட்டிய விலங்கு உருவங்களைச் சுட்டுச் சாய்க்க வேண்டும்: 200 மீட்டரில் கோழி, 300-ல் பன்றி, 385-ல் வான்கோழி, 500-ல் ஆட்டுக்கடா. கோழியை நின்றபடி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். மற்ற மூன்றுக்கும் உட்கார்ந்தோ படுத்தோ குறுக்குக் குச்சிகளில் பேரலைச் சாய்த்துக்கொள்ளலாம். ரைபிள் 1896-க்கு முந்தைய காலத்து அமெரிக்க ஒற்றைத் தோட்டா ரைபிள்களின் பாணியில், சுத்தியல் வெளியே தெரிவதாக, 12 பவுண்டு 2 அவுன்ஸுக்குள், அதாவது சுமார் 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று ஷூட்சன். ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த ஆட்டம். 200 கஜத்தில், நின்றபடி, 25 வளையம் போட்ட அட்டையில் சுடுவது. கையைத் தாங்க ஒரு குமிழ், தோளைக் கவ்வ ஒரு கொக்கி, அதற்கேற்ற கனத்த பேரல் என்று அந்த ரைபிளின் உருவமே தனி.

இரண்டுக்கும் பொதுவாக நான் மூன்றே கேள்விகள் கேட்பேன். ஒன்று, ஒவ்வொரு முறையும் தோட்டாவை ஒரே மாதிரி இருத்தி, ஒரே இறுக்கத்தில் மூடுகிறதா? இரண்டு, விசையை (டிரிகரை) இழுத்ததிலிருந்து ஊசி தட்டும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது? மூன்று, பின்பக்கத்திலிருந்து பேரலுக்குள் நேராகக் கை போகிறதா? மூன்றாவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. கருமருந்து எரிந்தால் பேரலுக்குள் கரி படியும். காய்ந்தால் கல் மாதிரி இறுகி அடுத்த குண்டைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் பின்வாயில் ஒரு குழாயைச் செருகி வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் கரியை இளக வைக்கும். இல்லையென்றால் ஈரத்துணி சுற்றிய கம்பியை உள்ளே விட்டுத் துடைப்பார்கள். ஒரு போட்டியில் விலங்குக்குப் பத்தாக 40 குறிகள். அத்தனை முறையும் இந்த வேலை நடக்க வேண்டும். பின்வாய் ஒழுங்காகத் திறக்காத ஆக்ஷன் ஒரு காலையிலேயே ஆளைச் சோர வைத்துவிடும்.

ஷார்ப்ஸ்

பெயரைச் சொன்னாலே ஆசை வரும் ரைபிள் 1874 மாடல் ஷார்ப்ஸ். கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848-ல் வாங்கிய காப்புரிமையிலிருந்து வளர்ந்த குடும்பம் அது. பக்கவாட்டில் பெரிய சுத்தியல், கீழே நெம்புகோல். அதைத் தள்ளினால் பின்வாயை அடைக்கும் பிளாக் நேராகக் கீழே இறங்கும். பேரல் முழுக்கத் திறந்துவிடும். ஊதுகுழாய்க்கும் கம்பிக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. வலுவும் போதுமானது. இரட்டை விசை வைத்தால், பின்விசையை இழுத்துத் தயார் செய்துவிட்டு முன்விசையை மெல்லத் தொட்டாலே போதும்.

குறை சுத்தியலில் இருக்கிறது. கனமான சுத்தியல் வலப்பக்கம் இருந்துகொண்டு நீண்ட வளைவில் வந்து விழுகிறது. அந்த அடி பக்கத்திலிருந்து நடுவுக்குக் கடத்தப்பட்ட பிறகே ஊசி தோட்டாவைத் தொடுகிறது. விசைக்கும் வெடிக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. படுத்துச் சுடும்போது இது பெரிதாகத் தெரியாது. நின்றபடி கோழியைச் சுடும்போது, குறி ஆடிக்கொண்டே இருக்கும்போது, நீங்கள் விசை இழுத்த நொடியில் குறி இருந்த இடம் வேறு, வெடித்த நொடியில் இருக்கும் இடம் வேறு. பழகியவர்கள் சுத்தியல் விழுந்த பிறகும் அசையாமல் நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் எடை. ஷார்ப்ஸ் ஆக்ஷன் அகலமானது, கனமானது. 5.5 கிலோ கணக்கில் ஆக்ஷன் எடுத்துக்கொள்வது போக மிச்சம்தான் பேரலுக்கு.

ஷார்ப்ஸ் கம்பெனி 1881-லேயே மூடிவிட்டது. இன்று மொன்டானாவில் பிக் டிம்பர் என்ற சிற்றூரில் ஷைலோ ஷார்ப்ஸ், சி. ஷார்ப்ஸ் என்று இரண்டு நிறுவனங்கள் புதிதாகச் செய்கின்றன. இத்தாலியில் பெடர்சோலியும் செய்கிறது.

ரோலிங் பிளாக்

ரெமிங்டன் ரோலிங் பிளாக்கில் பாகங்கள் குறைவு. சுத்தியலைப் பின்னால் இழுத்து, கட்டை விரலால் பிளாக்கை உருட்டித் திறக்க வேண்டும். தோட்டாவை வைத்து மூடினால், விழும் சுத்தியலே பிளாக்குக்குக் கீழே போய் முட்டுக் கொடுக்கும். எளிமையின் உச்சம். பத்து லட்சத்துக்கு மேல் செய்து உலகம் முழுக்க விற்றார்கள்.

1874 செப்டம்பரில் நியூயார்க் லாங் ஐலண்டின் கிரீட்மூரில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் மோதிய போட்டியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அயர்லாந்துக்காரர்கள் பேரலின் முன்வாய் வழியே வெடிமருந்து திணிக்கும் ரிக்பி ரைபிள்களோடு வந்தார்கள். அமெரிக்கர்கள் ரெமிங்டனும் ஷார்ப்ஸும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். 934-க்கு 931. அயர்லாந்து வீரர் ஒருவர் தவறிப்போய்ப் பக்கத்துக் குறியின் நடுவில் சுட்டார். அதற்குப் பூஜ்யம். தோற்றது வெறும் மூன்று புள்ளியில். பின்வாயில் தோட்டா போடும் ரைபிளால் நெடுந்தூரக் குறி சுட முடியுமா என்ற சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

அப்படியானால் ஏன் இதை நான் முதலிடத்தில் வைக்கவில்லை? உருண்டு மூடும் பிளாக்குக்குத் தோட்டாவை உள்ளே அழுத்தித் தள்ளும் பலம் குறைவு. கரி படிந்து தோட்டா கொஞ்சம் இறுகினால் கட்டை விரலால் குத்தி உள்ளே தள்ள வேண்டியிருக்கும். சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் பலமும் அவ்வளவு இல்லை. சுத்தியலும் கனம். பேரலைச் சுத்தமாகப் பேணுபவருக்கு, தோட்டாக்களின் அளவைத் துல்லியமாக வைத்திருப்பவருக்கு இது நல்ல, மலிவான, இலேசான ஆக்ஷன். அவசரக்காரருக்கு ஒத்துவராது.

அதே 1874 அணியில் சுட்ட எல். எல். ஹெப்பர்ன் ரெமிங்டனுக்கே பிற்பாடு வேறொரு ஆக்ஷன் வடிவமைத்தார். அதன் நெம்புகோல் கீழே இல்லாமல் வலப்பக்கம் இருக்கிறது. படுத்துச் சுடுபவருக்கு அந்த அருமை தெரியும். நெம்புகோலைத் திறக்க ரைபிளைத் தரையிலிருந்து தூக்க வேண்டியதில்லை.

ஹை வால்

ஜான் பிரௌனிங் என்ற இளைஞர் யூட்டாவின் ஆக்டனில் 1879-ல் காப்புரிமை வாங்கிய ஒற்றைத் தோட்டா ரைபிளை வின்செஸ்டர் நிறுவனம் 1883-ல் விலைக்கு வாங்கியது. 1885-ல் தன் பெயரில் வெளியிட்டது. பக்கச் சுவர் உயரமாக இருப்பது ஹை வால், சின்னத் தோட்டாக்களுக்காகச் சுவரைத் தாழ்த்தியது லோ வால்.

என் மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் ஹை வால் எல்லாவற்றிலும் நன்றாகவே தேறுகிறது. நெம்புகோலை இறக்கினால் பிளாக்கும் சுத்தியலும் சேர்ந்தே கீழே போய்விடும். பேரல் பின்பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரியும். சுத்தியல் பக்கவாட்டில் இல்லை, நடுவில் இருக்கிறது. சின்னது, விழும் தூரமும் குறைவு. ஷார்ப்ஸில் பழகிய ஒருவர் முதல்முறை ஹை வாலைச் சுடும்போது விசையைத் தொட்டதுமே வெடித்துவிட்டது போல உணர்வார். ஆக்ஷன் குறுகலாகவும் எடை குறைவாகவும் இருப்பதால் மிச்சப்படும் எடையைப் பேரலில் போடலாம். கனத்த பேரல் என்றால் அதிர்வு குறைவு, சூடு ஏறுவதும் மெதுவாக.

வலுவில் குறை சொல்ல முடியாது. புகையில்லா மருந்து வந்த பிறகும் வின்செஸ்டர் இதே ஆக்ஷனில் உயர் அழுத்தத் தோட்டாக்களுக்கு ரைபிள் செய்தது. ஆனால் இதிலும் ஒரு பலவீனம் உண்டு. பின்கட்டை மேலும் கீழும் இரண்டு நாக்குகளுக்கு நடுவே மரத்தைச் செதுக்கிப் பொருத்தப்படுகிறது. அந்தச் செதுக்கல் துல்லியமாக இல்லையென்றால் .45-70 (.45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து) தோட்டாவின் உதைப்பில் மரம் பிளக்கும். 500 கிரெய்ன், அதாவது சுமார் 32 கிராம் ஈயத்தைத் தள்ளும் தோட்டா அது. கட்டை செய்பவர் யார் என்று பார்த்துக் கொடுங்கள்.

ஸ்டீவன்ஸ் 44½

இங்கேதான் என் மனம் கொஞ்சம் சாய்கிறது. ஷூட்சன்காரர்கள் குண்டையும் தோட்டாக் கூட்டையும் தனித்தனியாக வைப்பார்கள். ஒரு சின்ன நெம்புகோல் கருவியால் ஈயக் குண்டைப் பேரலின் வரிப்பள்ளத்துக்குள் நேராக அழுத்தி இருத்திவிட்டு, மருந்து நிறைத்த கூட்டை அதன் பின்னால் வைத்து மூடுவார்கள். ஒரே கூட்டை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நிறைத்துச் சுடுபவர்களும் உண்டு. குண்டு கோணாமல் புறப்படுவதுதான் இதன் பயன். இதற்குத் திறந்த, நேரான பின்வாயும், மூடும்போது மெல்ல முன்னால் அழுத்தும் பிளாக்கும் தேவை.

1903-ல் வந்தாலும் பழைய பாணியிலேயே அமைந்த ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் 44½ இரண்டையும் தருகிறது. பிளாக் கீழே இறங்கி முழுவதும் விலகிவிடும். மேலே வரும்போது கடைசிக் கணத்தில் முன்பக்கம் சாய்ந்து கூட்டை உள்ளே தள்ளி இருத்தும். தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரும். ஆனால் இதற்கு முந்தைய 44 மாடல் பார்வைக்கு ஏறத்தாழ இதே போல இருக்கும், உள்ளே வேறு. அது வலுவில்லாதது, தேய்ந்தால் தளர்ந்துவிடும். பழையதை வாங்குபவர்கள் எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

பென்சில்வேனியாவில் சிபிஏ நிறுவனம் இதே வடிவத்தைப் புதிய எஃகில் செய்கிறது. ஒரே ஆக்ஷனுக்குப் பல பேரல்களை வாங்கி மாற்றிக்கொள்ளலாம். சில்ஹவுட்டுக்கு .40-65, ஷூட்சனுக்கு .32-40, மழைக்காலப் பயிற்சிக்கு .22 என்று ஒரே விசையில், ஒரே கட்டையில் பழகலாம். கைக்கு அந்தப் பழக்கம் கொடுக்கும் நம்பிக்கை பெரிய விஷயம்.

மற்றவை

பேலார்ட் என்ற பழைய அமெரிக்க ஆக்ஷனின் மேல் ஷூட்சன் உலகத்துக்குத் தனிப் பிரியம் உண்டு. .32-40, .38-55 இரண்டும் பேலார்ட் ரைபிளுக்காகவே பிறந்த தோட்டாக்கள். நெம்புகோல் வெண்ணெய் போல நகரும். ஆனால் பிளாக் இரண்டு பாதிகளைச் சேர்த்துச் செய்தது. அழுத்தம் கூடிய தோட்டாக்களை அதில் சுடவே கூடாது. கருமருந்தோடு, ஈயக் குண்டோடு நிறுத்திக்கொண்டால் இன்றும் அழகான ஆக்ஷன்.

மார்ட்டினி என்ற பிரிட்டிஷ் ஆக்ஷனுக்கு விசை நேரம் மிகக் குறைவு, உள்ளே ஊசியே வில்விசையில் பாய்கிறது. ஆஸ்திரேலியாவுக்காக இங்கிலாந்தில் செய்த சின்ன கேடட் மார்ட்டினிகள் .22 போன்ற சின்னத் தோட்டாக்களுக்கு அருமையான அடித்தளம். ஆனால் பெட்டியின் பின்சுவர் பேரலுக்கு நேரே மறைக்கிறது. உள்பாகங்களைக் கழற்றினாலும் ஊதுகுழாய் நேராகப் போகாது. சுத்தியல் வெளியே தெரியாததால் சில்ஹவுட் விதிக்கும் பொருந்தாது. பிற்காலத்து அமெரிக்க ரைபிளான ருகர் நம்பர் 1-க்கும் இதே விதிச் சிக்கல். இங்கே பேசும் ஆக்ஷன்களில் எதற்கும் சளைக்காத வலு அதற்கு உண்டு. ஆனால் முன்கட்டையைத் தாங்கும் இரும்புக் கை ஆக்ஷனிலிருந்து பேரலுக்கு அடியில் நீண்டு, வில்விசையையும் சுமக்கிறது. முன்கட்டை பேரலை எப்படித் தொடுகிறது என்பதைப் பொறுத்துக் குறி மாறும். அதைச் சரி செய்யத் தெரிந்த கைகள் வேண்டும்.

பழையதா, புதியதா

பழைய ஆக்ஷனை எடுத்தால் ஊசித் துளையைப் பார்க்க வேண்டும். கருமருந்துக் காலத்து ஊசிகள் தடித்தவை, துளையும் அகலம். அழுத்தம் ஏறினால் தோட்டாவின் பற்றவைப்பு மூடி துளைக்குள் பிதுங்கும், சில சமயம் ஓட்டையாகி வெப்பவாயு பின்னால் பீறிடும். நல்ல துப்பாக்கித் தச்சர் துளைக்குள் புது எஃகுக் குறுங்குழாயைப் போட்டு, ஊசியின் முனையையும் மெலிதாக்கித் தருவார். அந்த வேலை செய்யாத பழைய ஆக்ஷனில் புகையில்லா மருந்து வேண்டாம்.

இன்னொன்றை மனதாரச் சொல்கிறேன். அசல் பேரலோடு, அசல் வண்ணத்தோடு கிடைக்கும் ஹை வாலைக் கழற்றிப் புது ரைபிள் செய்யாதீர்கள். யாரோ முன்பே பேரலை மாற்றிவிட்ட, சேகரிப்பவர்கள் விரும்பாத ஆக்ஷன்கள் கிடைக்கும். அவற்றைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்தது வாங்கலாம், எஃகும் இன்றைய தரத்தில் இருக்கும்.

சரி, ஒரு ரைபிளுக்குத்தான் பணம் இருக்கிறது, அதுவும் சில்ஹவுட்டுக்கு மட்டும் என்றால் என் தேர்வு ஹை வால், .40-65 பேரலோடு. .45-70-ஐவிட உதைப்பு குறைவு, 500 மீட்டர் கடாவைச் சாய்க்கும் பலமும் உண்டு. இரண்டு ஆட்டமும் ஆடப்போகிறீர்கள் என்றால் தயங்காமல் 44½. ஷார்ப்ஸ் மேல்தான் ஆசை என்றால் ஷார்ப்ஸ் வாங்குங்கள், ஆனால் நின்று சுடும் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். எதுவானாலும் பேரல் கடைபவரிடம் போகும் முன் ஆக்ஷன், கட்டை, குறிநோக்கி மூன்றையும் தராசில் வைத்து, 5.5 கிலோவில் மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.