மறுப்பறிக்கையா, முற்றத்துப் பேச்சா?

இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலுக்குக் கிட்டின நாட்களில், வன்னியில் புதுக்குடியிருப்பில் இருக்கும் பெரியப்பாவின் வாட்ஸப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "1, 2 எண்டு இலக்கம் போட்டால் வாக்கு செல்லாது, புள்ளடி மட்டும்தான்." சுத்தப் பொய். ஒருவருக்கு மட்டும் புள்ளடி இட்டாலும் செல்லும், 1, 2, 3 என்று விருப்பு ஒழுங்கு காட்டினாலும் செல்லும்.

இப்படியான பொய்யை எதிர்க்க மூன்று வழி சொல்வார்கள்: அரச மறுப்பு, உண்மை சரிபார்ப்பு, முன்கூட்டியே எச்சரிப்பது. முதலில் தேர்தல் ஆணைக்குழுவின் விளக்கத்தைக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, 2009இல எழுபதினாயிரம் சனம்தான் உள்ளுக்கை நிக்குது எண்டும் கொழும்பிலயிருந்துதான் சொன்னவங்கள்."

என்ன மறுமொழி சொல்ல? போர் முடிந்தபோது உள்ளேயிருந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே இரண்டரை இலட்சத்துக்கு மேல். அன்றைய அரசு வேறு, ஆணைக்குழு வேறு என்று விளக்கலாம்தான். முற்றத்தில் அது எடுபடாது. வன்னியில் அரச முத்திரை குத்திய மறுப்பு, சிலவேளை வதந்திக்கே சாட்சி சொல்லிவிடும். இணையத்தில் பரவும் பொய்யைத் தடுக்கவென்று வந்த 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கும் இதே சிக்கல்: எது பொய் என்று தீர்ப்பதும் ஜனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுதான்.

அடுத்தது உண்மை சரிபார்ப்பு. திருத்தினால் ஆள் இன்னும் முறுகிப் பிழையையே பிடித்துக்கொள்வார் என்று 2010இல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் 52 விடயங்களில் சோதித்த 2019 ஆய்வில் அந்த முறுகலைக் காணக் கிடைக்கவில்லை. ஆகவே திருத்தப் பயப்படத் தேவையில்லை. ஆனால் வெறுமனே "பொய்" என்றால் மனதில் ஓட்டை விழும், அதை நிரப்ப வேறு விளக்கம் வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மருந்து கலந்ததாகக் கதை கிளம்பியது. அது மாக்கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னது நல்ல விளக்கம். ஆனால் கடையும் பள்ளிவாசலும் அதற்கு முன்பே அடிபட்டுவிட்டன.

மிச்சம் இருப்பது, பொய் வருமுன் அதன் சூழ்ச்சியைக் காட்டிவைப்பது. தடுப்பூசி மாதிரி என்பார்கள். பொய் வந்த பிறகுதான் என்றாலும் எனக்குக் கைகொடுத்தது இந்த வழிதான், அதுவும் பெரியப்பாவின் சொந்த ஞாபகத்திலிருந்து.

"பெரியப்பா, 2013 மாகாணசபைத் தேர்தலண்டு விடிய, யாழ்ப்பாணத்தில உதயன் பேரில ஒரு பேப்பர் வந்ததெல்லோ?"

"ஓமோம், அனந்தி அரசாங்கத்தோட சேர்ந்திட்டா எண்டு. கள்ளப் பேப்பர்."

அந்தப் பொய்யையும் மீறி, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரனுக்கு 87 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு விழுந்தது. பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப இதுவும் கடைசி நேரத்தில சனத்தைக் குழப்பிற வேலையோ?"

நான் ஓம் என்றும் சொல்லவில்லை. அவரே குரல் பதிவை அனுப்பிய மச்சானுக்கு அழைப்பெடுத்து, "இதை ஆர் உனக்குத் தந்தது?" என்று தொடங்கினார். நான் காட்டிய விளக்கத்தையும் அப்போதுதான் முழுக்க வாசித்தார்.

குறையும் சொல்லவேண்டும்: ஓர் ஆளுக்கு ஒரு மணித்தியாலமும் இரண்டு தேத்தண்ணியும் போனது. குரல் பதிவுக்கு ஒரு விரல் போதும். அடுத்த நாள் அதே குழுவில் பசளை விலையைப் பற்றி இன்னொன்று வந்து கிடந்தது.