பியர் கிரில்ஸ் முதல் ‘அலோன்’ வரை: காட்டில் எது கைகொடுக்கிறது?

டிஸ்கவரியில் தமிழ்க் குரலோடு பிரிட்டிஷ்காரர் பியர் கிரில்ஸின் ‘மேன் வெர்சஸ் வைல்டு’ ஓடிய காலத்திலிருந்து, காட்டில் உயிர்பிழைப்பதைக் காட்டும் இந்த வகை நிகழ்ச்சிகளை விடாமல் பார்த்துவருகிறேன். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் மலையேறவும் ஆரம்பித்தேன். வால்பாறைப் பக்கம், நீலகிரி, தேனி மலைகள் என்று வனத்துறை அனுமதியோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் போவது வழக்கம். அதனால் டிவியில் சொன்னது நம் காட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க நிறைய வாய்ப்பு கிடைத்தது. கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். எந்த நிகழ்ச்சியில் ஆள் ஓடிக்கொண்டே இருக்கிறாரோ, அதிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. எதில் ஓரிடத்தில் உட்கார்ந்து பசியோடும் குளிரோடும் நாளைக் கடத்துகிறாரோ, அதைக் கவனித்துப் பாருங்கள்.

பியர் கிரில்ஸ் நிகழ்ச்சி 2006இல் தொடங்கியது. மறுவருடமே, படப்பிடிப்பின்போது சில இரவுகளை அவர் விடுதியில் கழித்தார் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதற்கப்புறம், சில சூழ்நிலைகள் செய்துகாட்டுவதற்காக அமைக்கப்பட்டவை என்ற அறிவிப்பைச் சேர்த்தார்கள். இன்றைக்கும் அவரைக் குறை சொல்பவர்கள் முதலில் எடுப்பது இந்த ஓட்டல் கதையைத்தான். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. 1996இல் பாராசூட் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இரண்டே வருடத்தில் எவரெஸ்ட் ஏறிய மனிதர் அவர். அந்தத் திறமை நிஜம்.

என் குறை அவர் நகரும் விதத்தில் இருக்கிறது. கேமராவுக்கு அசைவு வேண்டும். அதனால் அவர் பாறையில் தொங்குகிறார், அருவியோடு இறங்குகிறார், ஆற்றில் குதிக்கிறார். தண்ணீரைத் தொடர்ந்து கீழே போனால் ஊர் வரும் என்ற யோசனை அந்த நிகழ்ச்சியில் பலமுறை வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடையைப் பிடித்து இறங்கிப் பாருங்கள். கொஞ்ச தூரத்திலேயே பாசி படிந்த வழுக்குப் பாறை, அதைத் தாண்டினால் செங்குத்தாக விழும் அருவியின் விளிம்பு. இறங்கிவிட்டால் மேலே ஏறவும் முடியாது. மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். சாயங்காலம் யானைகள் தண்ணீருக்கு வரும் இடமும் அதுதான். வழி தவறியவர் கணுக்காலை முறித்துக்கொண்டால், அவர் பிரச்சினை அதோடு வேறொன்றாகிவிடுகிறது. தேடி வருபவர்கள் பாதையிலிருந்துதான் தேட ஆரம்பிப்பார்கள். பாதையை விட்டு விலக விலக அவர்களுடைய வேலை கடினமாகும்.

யானை என்றதும் இதைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிகழ்ச்சிகளில் கரடி வரும், ஓநாய் வரும். நம் மலையில் நடப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது யானையைப் பற்றி. அதை எந்த நிகழ்ச்சியும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கூட வந்த காடர் சமூகத்து வழிகாட்டி சொல்லித்தந்தார். வளைவு வருவதற்கு முன்னால் அவர் நின்றுவிடுவார். கையைப் பின்பக்கம் நீட்டி எங்களையும் நிறுத்துவார். மண்ணைக் கொஞ்சம் கிள்ளி விரலிடுக்கில் உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். யானை லத்தி (சாணம்) கிடந்தால் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒடிந்த கிளையில் சாறு காய்ந்திருக்கிறதா என்று தடவுவார். மூங்கில் முறியும் சத்தம் வந்தால் எவ்வளவு நேரமானாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஒருமுறை அப்படி நின்றுவிட்டு வந்த வழியே திரும்பினோம், அன்றைய நடை அதோடு முடிந்தது. டிவியில் இதைக் காட்டினால் பாதி எபிசோடு சும்மா நிற்பதாகவே இருக்கும். ஆனால் காட்டில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

சரி, நெருப்புக்கு வருவோம். கட்டையோடு கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்கும் தீக்கடைகோல் முறையை இந்த நிகழ்ச்சிகள் எல்லாமே காட்டும். கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ரவுட் ‘சர்வைவர்மேன்’ நிகழ்ச்சியில் அதைச் செய்யும்போது பல இடங்களில் தோற்றுப்போவார். கை சிவந்து, மூச்சு வாங்கி, கடைசியில் இருட்டில் குளிரோடு படுப்பார். படப்பிடிப்புக் குழு இல்லாமல் கேமராக்களைத் தானே சுமந்துகொண்டு போகும் ஆள் அவர். முக்காலியை நிறுத்திவிட்டு நடந்து காட்டுவார், திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடி அதே தூரம் நடப்பார். தோல்வியை வெட்டாமல் காட்டுகிறார் என்பதாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். உடலில் எஞ்சியிருக்கும் தெம்பை எதில் செலவழிப்பது என்று அவர் சத்தமாகக் கணக்குப் போடுவதைக் கேட்டாலே போதும், அந்த நிகழ்ச்சி பார்த்ததற்குப் பலன் உண்டு.

உரசினால் பொறி பறக்கும் தீப்பொறிக் கம்பியை நான் வீட்டுக் கொல்லையில் வைத்துத்தான் பழகினேன். இலவம் பஞ்சு பட்டென்று பிடித்து, சுள்ளி பற்றுவதற்குள் அணைந்துவிடும். தேங்காய் நாரை அப்படியே வைத்தால் பொறி விழுந்து கறுக்குமே தவிர எரியாது. உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துப் பொடி மயிர் மாதிரி ஆக்க வேண்டும். சாதாரணப் பஞ்சில் வாஸ்லின் தடவி, நுனியைப் பிரித்துவிட்டுப் பொறி தட்டினால் சில நிமிடம் நின்று எரிகிறது, ஈரச் சுள்ளி காய அந்த நேரம் போதும். இதையெல்லாம் பழகியபிறகும் காட்டில் நான் நெருப்பு மூட்டுவதில்லை. காப்புக்காட்டில் அது குற்றம், கோடையில் பெரும் ஆபத்து. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும், அதற்கு முன்னால் ஓடி ஜெயிக்க முடியாது, புல் இல்லாத பாறையும் ஏற்கெனவே எரிந்து தணிந்த இடமும்தான் புகலிடம். எப்படி நெருப்பு மூட்டுவது என்று இத்தனை எபிசோடுகளில் பார்த்திருக்கிறேன். காட்டுத்தீ வந்தால் என்ன செய்வது என்பதை நான் பார்த்தவரை யாரும் இந்த அளவுக்கு விளக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் டிவி சொல்வதை ஏற்காதீர்கள். சிறுநீர் குடிப்பதைப் பியர் கிரில்ஸ் பிரபலமாக்கிவிட்டார். அமெரிக்க ராணுவத்தின் உயிர்காப்புக் கையேடோ, குடிக்கக் கூடாதவற்றின் பட்டியலில் கடல்நீரோடும் ரத்தத்தோடும் அதையும் வைத்திருக்கிறது. உடல் வெளியே தள்ளிய உப்பும் கழிவும் மறுபடி உள்ளே போவதால் தாகம் கூடத்தான் செய்யும். தெளிந்த ஓடைத் தண்ணீரும் நம்பத்தக்கதல்ல. மேலே மாடு மேயலாம், விலங்கு செத்துக் கிடக்கலாம். எலிக்காய்ச்சலும் டைபாய்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொதிக்க வைக்க வழியில்லாத இடங்களுக்குக் குளோரின் மாத்திரை எடுத்துப் போகிறேன், போட்டபின் அரை மணிநேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புழு தின்னும் காட்சிகளும் அப்படித்தான். ஓரிரு நாளில் மீட்கப்படப் போகிறவருக்குச் சாப்பாடு முதல் கவலையே அல்ல. தண்ணீர் இல்லாதபோது புரதம் தின்றால் அதைச் செரித்துக் கழிவை வெளியேற்ற உடல் இன்னும் தண்ணீர் கேட்கும்.

பாம்பைப் பிடித்துத் தலையை நசுக்கும் காட்சிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். கடி வாங்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இந்த மருந்துக்குத் தேவையான விஷத்தை எடுத்துக்கொடுத்து வருகிறது. பாம்பைக் கையாளத் தெரிந்தவர்களைக் காட்ட வேண்டுமென்றால் கேமரா அங்கேதான் போக வேண்டும்.

இனி ‘அலோன்’. 2015இல் தொடங்கிய இந்த நிகழ்ச்சியில் பத்துப் பொருள்களோடு ஆளைத் தனியே விட்டுவிடுவார்கள். அவர்களே படம் பிடித்துக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் சாட்டிலைட் போனில் கூப்பிடலாம். கடைசிவரை நிற்பவருக்குப் பெரும் பரிசுத்தொகை. முதல் சீசனில் கரடி பயத்தில் ஆரம்பத்திலேயே கிளம்பியவர் உண்டு. தீப்பொறிக் கம்பியைத் தொலைத்துவிட்டு வெளியேறியவரும் உண்டு. மூன்றாவது சீசனில் தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் 87 நாள் இருந்து ஒருவர் ஜெயித்தார். அவரோடு கடைசிவரை போட்டியில் இருந்த பெண்ணை, எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்ததால் மருத்துவக் குழுவே வெளியே கொண்டுவந்தது. இந்தப் பட்டினிதான் அந்த நிகழ்ச்சியின் உண்மை. எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் உடல் கரைந்துகொண்டே போகிறது. வெறும் முயல்கறி தின்பவர் வயிறு நிறைந்தும் மெலிகிறார், ஏனென்றால் அதில் கொழுப்பு இல்லை. வீட்டு நினைப்பில் அழுதுகொண்டே போனை எடுப்பவர்களைப் பார்க்கும்போது, தனிமை பசியைவிட முன்னால் வந்துவிடுகிறது என்று புரிகிறது.

இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்து என் பையில் வந்து சேர்ந்தவை ஒரு விசில், ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பு, மாற்று பனியன், ஹெட்லைட். நனைந்த துணியோடு ராத்திரி காற்றில் இருந்தால் ஊட்டியிலும் உடல் வெப்பம் இறங்கி ஆபத்தாகும் என்பதை ஸ்ட்ரவுட்டின் நடுக்கத்தைப் பார்த்துத்தான் மனசில் வாங்கிக்கொண்டேன். உதவி கேட்க விசிலை மூன்று மூன்றாக ஊத வேண்டும். தொண்டை வற்றிய பிறகும் விசில் வேலை செய்யும்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் ‘அலோன்’ ஆறாவது சீசனிலிருந்து தொடங்கலாம். வடகனடாவில் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் எடுத்தது. அதில் ஒருவர் வில்லால் பெரிய மூஸ் மானை வீழ்த்தியபிறகும், அந்தக் கறியைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிடும். பிள்ளைகளோடு பியர் கிரில்ஸ் பார்ப்பவர்கள் தாராளமாகப் பாருங்கள், உற்சாகம் தரும் மனிதர்தான். அருவியில் இறங்கும் காட்சி வந்தால் மட்டும் நிறுத்தி, வழி தெரியாமல் போனால் நாம் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள்.