நெஞ்சுவலி என்றால் பெங்களூரா, பக்கத்து ஜி.எச்.சா?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவருக்கு நெஞ்சு அடைத்தது என்றால் அடுத்த நிமிடமே இரண்டு கட்சி உருவாகிவிடும். "இங்கே எதுக்கு நேரத்தை வீணாக்கறது, நேரா பெங்களூருக்கு வண்டியை விடு" என்பது ஒரு கட்சி. "முதல்ல ஜி.எச்.சுல காட்டுங்கப்பா, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்பது இன்னொன்று. தருமபுரிக்குத் தெற்கே போனால் பெங்களூருக்குப் பதில் சேலம் என்பார்கள், சண்டை அதேதான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எது சரி என்பதைப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் முடிவு செய்வதில்லை, கடிகாரம் முடிவு செய்கிறது.

ஏன் கடிகாரம்? இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி, நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. இவ்வளவு ரத்தம் உள்ளே புழங்கினாலும் இதயத்தின் சுவர்த் தசை அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் கொரோனரி தமனிகள் வழியாகத்தான் அதற்குச் சாப்பாடு. கே.ஆர்.பி. அணை நிரம்பி வழிந்தாலும் வாய்க்கால் அடைத்தால் வயல் காயத்தானே செய்யும். இந்தத் தமனிகள் வலது, இடது என்று இரண்டாகக் கிளம்புகின்றன. இடது கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரியும். அதனால்தான் டாக்டர்கள் "மூணு குழாய்ல ரெண்டுல அடைப்பு" என்று கணக்குச் சொல்கிறார்கள்.

குழாயின் உட்சுவரில் பல வருஷமாகச் சேர்ந்த கொழுப்புப் படிவம் ஒருநாள் வெடிக்கிறது. காயம் என்று நினைத்து ரத்தத் தட்டணுக்கள் அங்கே ஓடிவந்து ஒட்டுகின்றன, ஃபைப்ரின் இழைகள் அவற்றைப் பின்னிக் கட்டுகின்றன, குழாய் முழுக்க மூடிக்கொள்கிறது. அரை மணி நேரம் போல ஆனதும் அந்தக் குழாயை நம்பியிருந்த தசை சாகத் தொடங்கும். சாவு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மணிக்கணக்கில் பரவும். செத்த தசை திரும்ப வளராது. பின்னாளில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது எல்லாம் அன்றைக்கு எவ்வளவு தசை போனது என்பதைப் பொறுத்தது.

இனி இரண்டு வழிகளையும் பார்ப்போம். பெங்களூர் கட்சி சொல்வது ஆஞ்சியோபிளாஸ்டியை. மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பது. தேர்ந்த கையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குழாய் முழுதாகத் திறந்துவிடும். மூளையில் ரத்தக்கசிவு ஆகும் பயமும் மிகக் குறைவு. இரண்டு சிகிச்சையும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் என்றால் இதுதான் மேல், அதில் வாதமே இல்லை. ஆனால் இதற்கு, எக்ஸ்ரே படத்தில் பார்த்துக்கொண்டே குழாய் செலுத்தும் கேத் லேப் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் வந்து நிற்கிற டாக்டர் குழு வேண்டும்.

ஜி.எச். கட்சி சொல்வது குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை. இதற்கு இ.சி.ஜி.யும், மானிட்டரும், ஷாக் கொடுக்கும் கருவியும், பயிற்சி உள்ள டாக்டரும் போதும். இதிலும் இரண்டு ரகம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பழையது, விலை குறைவு, 15 லட்சம் யூனிட்டை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சொட்டாக ஏற்றுவார்கள். பாக்டீரியாவிலிருந்து எடுப்பது என்பதால் உடம்பு அதற்கு எதிர்ப்பு உருவாக்கிக்கொள்ளும், ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போடமாட்டார்கள். டெனெக்டெப்ளேஸ் விலை அதிகம், ஆனால் உடல் எடைக்கு ஏற்ற அளவை ஒரே ஊசியாகச் சில நொடியில் போட்டு முடித்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதலாவதில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஓட்டம் முழுதாகத் திரும்பியிருக்கும், இரண்டாவதில் பாதிப் பேருக்கு மேல். முன்பு மூளையில் ரத்தக்கசிவு ஆனவர், அண்மையில் பக்கவாதமோ பெரிய ஆபரேஷனோ ஆனவர், உள்ளே ரத்தம் கசிகிறவர் ஆகியோருக்கு இந்த ஊசி ஆகாது. பிரஷர் 180/110-க்கு மேல் நின்றாலும் அதைக் குறைத்த பிறகுதான் யோசிப்பார்கள். 2021-இல் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறவர்கள், அந்த அட்டையையும் மாத்திரையையும் கையோடு எடுத்துப் போவது இந்த இடத்தில் பெரிய உதவி.

காகிதத்தில் பார்த்தால் பெங்களூர் கட்சிதான் ஜெயிக்கிறது. ரோட்டில் அப்படி இல்லை.

மருத்துவ வழிகாட்டுதல்கள் வைக்கும் கோடு 120 நிமிடம். மாரடைப்பு என்று இ.சி.ஜி.யில் தெரிந்த நேரத்திலிருந்து அடைப்பைத் திறக்கும் நேரம் வரைக்குமான கணக்கு இது. வாசலில் வண்டி நிற்பதோடு கணக்கு முடியாது. அதற்குள் முடியாது என்றால், ஊசி போடத் தகுதி உள்ளவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஊசி. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஓசூர் வரை பறக்கலாம். அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, பொம்மசந்திரா, சில்க் போர்டு என்று காலை நேரத்தில் மாட்டினால் ஆம்புலன்ஸ் சைரனுக்கும் வழி கிடைக்காது. போய்ச் சேர்ந்து, பதிவு முடிந்து, மேஜையில் ஏற்றுவதற்குள் 120 நிமிடம் கரைந்திருக்கும். தருமபுரி–சேலம் 65 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் தொப்பூர் கணவாய். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய கணக்கு எல்லாம் தப்பு.

அதனால் என் தீர்ப்பு ஊருக்கு ஊர் மாறும். ஓசூர்க்காரருக்குப் பிரச்சினையே இல்லை. ஊருக்குள்ளேயே கேத் லேப் உள்ள மருத்துவமனைகள் உண்டு, பெங்களூரும் 40 கிலோமீட்டர்தான். நேராக ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் போகலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி நகரத்துக்காரர் முதலில் உள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். கேத் லேப் உடனே கிடைக்குமா, அல்லது ஊசியா என்று டாக்டர் அங்கேயே சொல்லிவிடுவார். அஞ்செட்டி, பென்னாகரம், அரூர் சித்தேரி மலைப்பக்கம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை: பக்கத்தில் எங்கே இ.சி.ஜி. இருக்கிறதோ அங்கேதான் முதல் நிறுத்தம். யானை குறுக்கே நிற்கிற காட்டு ரோட்டைத் தாண்டி மாநிலம் விட்டு மாநிலம் போவது, அந்த இ.சி.ஜி. எடுத்த பிறகு யோசிக்கவேண்டிய விஷயம்.

சண்டை போடும் இரண்டு கட்சியும் மறந்துவிடுகிற மூன்றாவது வழி ஒன்று உண்டு. இங்கே ஊசியைப் போட்டுவிட்டு, அங்கே போவது. ஊசி வேலை செய்திருந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுப்பது) பார்ப்பது, வேலை செய்யவில்லை என்று ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் இ.சி.ஜி. காட்டினால் உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்புவது. ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காத, வலி வந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்த 1,892 பேரை வைத்து நடந்த 'ஸ்ட்ரீம்' ஆய்வு 2013-இல் வெளியானது. நேரடி ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பெரிதும் குறையாத பலன் இந்த வழியில் கிடைத்தது. மூளைக் கசிவு மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்ததால் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஊசி மருந்தைப் பாதியாக்கினார்கள். நம் இரண்டு மாவட்டத்துக்கும் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது இந்த வழி. மூன்றில் ஒருவருக்கு மேல் அவசர ஆஞ்சியோ தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதாவது ஊசி போட்டாச்சு, வலி குறைஞ்சாச்சு என்று வீட்டுக்குத் திரும்புவது இந்த வழியில் சேராது.

எல்லா மாரடைப்புக்கும் ஊசி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழாய் முழுக்க அடைக்காமல் பாதி அடைத்த வகையில் இந்த ஊசியால் லாபம் இல்லை, ஆபத்துதான் மிச்சம். எந்த வகை என்று இ.சி.ஜி.தான் சொல்லும். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் சிறிது நேரத்தில் இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை.

108-ஆ, சொந்தக் காரா? பத்து நிமிடத்தில் 108 வரும் என்றால் 108. வழியில் துடிப்பு தாறுமாறாகி நின்றால் மாருதி ஆம்னியின் பின் சீட்டில் ஒன்றும் செய்யமுடியாது. வலி வந்தவரே பைக் ஓட்டிக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது. சோடா குடித்து "கேஸ் பிடிப்பு" விலகுகிறதா என்று ஒரு மணி நேரம் பார்ப்பதும் அதே ரகம். சர்க்கரைக்காரருக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலுமாக வரலாம்.

2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8 என்று 14 மாத்திரை தருகிறார்கள். கட்டி மேலும் பெருகாமல் முதல் இரண்டும் தடுக்கும், இருக்கிற கட்டியை எதுவும் கரைக்காது. மாத்திரை போட்டதும் பயணம் தொடரவேண்டும்.

பண விஷயம் சுருக்கமாக. ஸ்டென்ட்டுக்கு 2017-இலிருந்து மத்திய அரசின் உச்சவிலை உண்டு, ஆனால் பில்லில் ஸ்டென்ட் ஒரு வரிதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எல்லை தாண்டும் முன் அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று ஒருவர் போனில் கேட்டுக்கொண்டே வரட்டும். வண்டி அதற்காக நிற்கக்கூடாது.

கடைசியாக, இந்தக் கணக்கை அப்படியே பக்கவாதத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் முதல் நிறுத்தம் சி.டி. ஸ்கேன் உள்ள இடம். அங்கேயும் கரைக்கும் ஊசி உண்டு, நாலரை மணி நேரம் வரை. ஆனால் அது அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் சொல்லும்வரை ஊசியும் கூடாது, வீட்டில் இருக்கிற ஆஸ்பிரினும் கூடாது.