வீசுகோல் அவர் கையில்

பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, அசன விருந்து எல்லாத்துக்கும் குழாய் கட்டியாச்சு. அதனால் பாட்டு கேட்கிற விதமே எனக்குக் கொஞ்சம் கோணல். பாடுகிறவர் மைக்கை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதுதான் முதலில் காதில் விழும். ராகமெல்லாம் அதுக்கு அப்புறம்.

அமெரிக்காவில் இருக்கிற சித்தி மகன் போன தடவை வந்தபோது ஒரு இரட்டை சிடி கொடுத்தான். அமெரிக்கப் பாடகி அரீதா ஃப்ராங்க்ளினின் 'ரேர் அண்ட் அன்ரிலீஸ்டு ரெக்கார்டிங்ஸ்'. முழுப் பெயர் என் ஸ்பீக்கர் ஒயரைவிட நீளம், விடுங்கள். ரைனோ கம்பெனி 2007ல் போட்டது. 1966லிருந்து 1973 வரை அட்லாண்டிக் கம்பெனிக்காகப் பாடி, வெளியே வராமல் பெட்டிக்குள் கிடந்த டேப்புகள். 35 பாட்டு.

முதல் மூன்று பாட்டுக்காகவே இதை வாங்கலாம். மூன்றும் மாதிரிப் பதிவுகள், அதாவது டெமோ: பாட்டு எப்படி வரும் என்று காட்ட முன்கூட்டியே பாடி வைப்பது. அப்போது அவருக்கு வயசு 24. கொலம்பியா கம்பெனியில் ஆறு வருஷம் பாடியும் பெரிய பேர் கிடைக்காமல் அட்லாண்டிக்குக்கு வந்த சமயம். பின்பாட்டுப் பெண்கள் இல்லை, டிரம்பெட் சாக்ஸபோன் இல்லை. முன்னால் இருப்பது அவர் குரலும் அவரே வாசிக்கிற பியானோவும்தான்.

'ஐ நெவர் லவ்டு எ மேன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் உலகம் கேட்ட பதிவு 1967 ஜனவரியில் அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸில் நடந்தது. ஸ்பூனர் ஓல்டாம் என்பவர் எலெக்ட்ரிக் பியானோவில் நொண்டி நடக்கிற மாதிரி ஒரு ஆரம்பம் கொடுப்பார். பாட்டுக்கு அடையாளமே அதுதான். அந்த ஆரம்பம் அங்கே போன பிறகு பிறந்தது. இந்த டெமோவில் அது கிடையாது. ஆனால் பாட்டு முழுசாக இருக்கிறது! எந்த இடத்தில் இழுக்கணும், எதை அதட்டணும், எந்த வரியை முணுமுணுத்து விட்டுடணும் என்பதை அந்தம்மா ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு. மஸில் ஷோல்ஸ்காரர்கள் கட்டினது பந்தல். வீடு இவர் கட்டினது.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னது ஒரு வில்லுப்பாட்டுக்கார அம்மா. முக்கூடல் பக்கம் ஒரு சுடலைமாடன் கொடை. வில்லுக்கு முன்னால் லெவல் பார்க்க 'டாக்டர் ஃபீல்குட்' டெமோவைக் குழாயில் விட்டேன். அவர் குடத்துப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிமிர்ந்து, "ஏ தம்பி, இந்தம்மா தானேலா வாசிச்சுப் பாடுதா?" என்றார். ஆமா என்றேன். "அதான பாத்தேன். வீசுகோலு அவ கையிலலா இருக்கு. அடுத்தவன் தாளத்துக்குக் காத்துக் கெடக்கல பாரு."

அதுதான் விஷயம். வில்லில் அடிக்கிற வீசுகோல் யார் கையில் இருக்கோ அவர் நிறுத்தினால் உடுக்கை நிற்கும், அவர் ஓடினால் குடம் ஓடும், பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட வேண்டிய இடமும் அவர் விடுகிற இடம்தான். அரீதா படித்த பள்ளிக்கூடமும் இதே மாதிரிதான். அப்பா சி. எல். ஃப்ராங்க்ளின் டெட்ராய்ட் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபைப் போதகர். அவர் பிரசங்கமே இசைத்தட்டாக விற்றது. அவர் ஒரு வரி சொல்ல, சபை ஒரு வரி திருப்பிச் சொல்லும். அந்தச் சபையில் வளர்ந்த பிள்ளையைக் கொலம்பியாவில் பெரும்பாலும் வயலின் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். பியானோவே தொடவிடவில்லை என்று சிலர் சொல்வது மிகை, அங்கேயும் வாசித்திருக்கிறார். ஆனாலும் பியானோ முன்னால் உட்கார வைத்து, அதைச் சுற்றிப் பாட்டைக் கட்டியது அட்லாண்டிக்கின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர்தான். மூன்றாவது மாதிரிப் பதிவு 'ஸ்வீட் பிட்டர் லவ்'. கொலம்பியாவிலும் பாடினார், 1985லும் மறுபடி பாடினார். எனக்கு இந்த மெலிந்த பதிவுதான் பிடிக்கிறது. மூச்சு வாங்குகிற சத்தம் உட்படக் கேட்கிறது.

மீதிப் பாட்டுகள் இந்த அளவுக்கு வராது. எல்லாம் நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் சில டேப்புகள் பெட்டிக்குள் போனதுக்குக் காரணம் இருக்கிறது. சினாட்ரா பாடின 'மை வே'யை இவர் பாடிக் கேட்டபோது, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு களத்துமேட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. 'யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை' அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது. எனக்கு அது விருந்து, எந்தச் சொல்லில் மனசு மாறினார் என்று உட்கார்ந்து தேடலாம். வீட்டில் அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது: "இதைத்தான இப்பம் போட்டிய?" ரே சார்ல்ஸோடு சேர்ந்து பாடின ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அரீதாவை முதல் தடவையாகக் கேட்கப் போகிறவர் இதில் தொடங்க வேண்டாம். 1967ல் வந்த அந்த முதல் அட்லாண்டிக் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வாங்க. அப்போதுதான் இந்த டெமோக்களில் என்ன இல்லை, அது இல்லாமலே எப்படி நிற்கிறது என்பது புரியும். ஹெட்போனில் கேட்பது உத்தமம். குழாய் ஸ்பீக்கர் பியானோவின் அடிக்கட்டைச் சத்தத்தைத் தின்றுவிடும்.

அன்றைக்குக் கொடையில் அந்தம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். ரிமோட்டைத் தேடுவதற்குள் பூசாரி ஆள் அனுப்பிவிட்டார், வில்லு தொடங்கணும் என்று. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தவர், மைக்கை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார்.