ஆஸ்டியோசார்கோமா செல் லைன்ஸ் - வளர்த்துப் பார்த்த அனுபவம்

ஆஸ்டியோசார்கோமாங்கற எலும்பு கேன்சர் ஆராய்ச்சிக்கு எந்த செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளர்க்கற கேன்சர் செல்) வாங்கறதுன்னு லேப்ல புதுசா சேர்ற எல்லாரும் கேக்கறாங்க. சில வருஷமா இதுங்களோடதான் குப்பை கொட்டறேன், அதனால சொல்றேன், ஒண்ணை மட்டும் வாங்கி எல்லா கேள்விக்கும் பதில் எடுத்துடலாம்னு நெனைக்காதீங்க.

சாவோஸ்-2 சரியான சோம்பேறி. வளர 15% சீரம் (ரத்தத்துலேந்து எடுக்கற திரவம்) கேக்கும், சீரம் விக்கிற விலைல அதுவே வயித்தெரிச்சல், இதுல ஃப்ளாஸ்க் நிரம்பறதுக்குள்ள நம்ம பொறுமை போயிடும். ஆனா எலும்பு செல்லோட குணம் நல்லா இருக்கு, அஸ்கார்பிக் ஆசிடும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் போட்டு விட்டா கால்சியம் படியும், கால்சியத்தைக் காட்டற அலிசரின் ரெட் சாயம் ஊத்தினா தட்டுல இருக்கற குழியெல்லாம் செக்கச்செவேல்னு ஆயிடும். கேன்சரைத் தடுக்கற பி53 ஜீன் இதுல கிடையாது. யு-2 ஓஎஸ்ல நார்மலா இருக்கு, 1964ல ஒரு 15 வயசுப் பொண்ணோட கால் எலும்புல வந்த கட்டியிலேந்து எடுத்தது அது. பி53 மூலமா வேலை செய்யற நட்லின் மாதிரி மருந்துன்னா ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாருங்க, யு-2 படுத்துடும், சாவோஸ் கண்டுக்கவே கண்டுக்காது.

கேன்சர் பரவறதைப் பாக்கணும்னா 143பி. ஹெச்ஓஎஸ்ங்கற இன்னொரு எலும்பு கேன்சர் செல்லுல கே-ராஸ்ங்கற கேன்சர் ஜீனை ஏத்தி உண்டாக்கினது. நோய் எதிர்ப்பு குறைஞ்ச நியூட் எலியோட டிபியால (கீழ்க்கால் எலும்பு) போட்டா சில வாரத்துல நுரையீரலுக்குப் போயிடும், மனுஷங்களுக்கும் இந்த நோய் முக்கியமா அங்கதான் போகுது. இருந்தாலும் எனக்கு முழு திருப்தி இல்ல, நிஜ நோயாளிங்களோட கட்டியில ராஸ் மியூட்டேஷன் அபூர்வம், அப்போ நாம பாக்கறது இந்த நோய் பரவறதையா இல்ல ராஸ் பண்ற வேலையையா?

இன்னொண்ணு, 143பில தைமிடின் கைனேஸ்ங்கற என்சைம் கிடையாது, அது இருந்தாதான் பிஆர்டியு, ஈடியு மாதிரி அடையாளப் பொருள் புது டிஎன்ஏல சேரும், அதனால அதுங்களை வெச்சு செல் பெருகுதான்னு பாக்கற அஸ்ஸே வேலைக்கே ஆகாது. மைக்ரோஸ்கோப்ல ஒரே இருட்டா இருக்கும், ஃப்ளாஸ்க்ல பாத்தா செல் வழிஞ்சுக்கிட்டு இருக்கும். கிட்டை திட்டாதீங்க, பெருகற செல்லுல இருக்கற கேஐ-67 புரதத்தைப் பாக்கற டெஸ்ட் போடுங்க.

மேல சொன்ன மனுஷ செல்லை நியூட் மாதிரி எலிலதான் வளர்க்க முடியும், நியூட் எலிக்கு எதிர்ப்பு சக்திக்கு வேண்டிய டி செல் இல்லாததால இம்யூனோதெரபிக்கு (எதிர்ப்பு சக்தியைத் தூண்டற சிகிச்சை) இதெல்லாம் உதவாது. அதுக்கு கே7எம்2 இருக்கு, பால்ப்-சிங்கற எலி வகையிலேந்தே வந்தது, எதிர்ப்பு சக்தி உள்ள அதே எலிலயே போட்டுப் பாக்கலாம், நுரையீரலுக்கும் நல்லா பரவும்.

எம்ஜி-63ன்னு இன்னொரு மனுஷ செல் லைன், வளர்க்க ஈஸி, ஆனா எலில பெருசா கட்டி வராது, அதனால பரவல் வேலைக்கு நான் எடுக்கறதில்ல. பக்கத்து லேப்ல ஓசில வாங்கினா எஸ்டிஆரும் (செல் அதேதானான்னு பாக்கற டிஎன்ஏ டெஸ்ட்) மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா தொத்தியிருக்கான்னும் பாக்கற வரைக்கும் தனி இன்குபேட்டர்ல வைங்க. செல் லைன்களை வெச்சிருந்து தர்ற புனே என்சிசிஎஸ்ல முதல்ல கேட்டுப் பாக்கறது இன்னும் நல்லது.